இரத்தக்குழாய் அழற்சி: காலில் புள்ளி வந்ததும் நாம் செய்யும் தவறுகள்

தறியில் நாள் முழுக்க நிற்கிறவர், கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறவர், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு ஏறி இறங்குகிறவர், யாருக்குக் காலில் சிவப்புப் புள்ளியோ ஆறாத புண்ணோ வந்தாலும் சேலத்தில் முதலில் கிளம்புகிற பேச்சு "வெரிகோஸ் வெயினா இருக்கும், ஸ்டாக்கிங்ஸ் வாங்கிப் போடுங்க" என்பதுதான். பல பேருக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வெரிகோஸ் என்பது சிரையில் வால்வு கெட்டு இரத்தம் தேங்குவது. டாக்டர்கள் வாஸ்குலைட்டிஸ் என்று சொல்லும் இரத்தக்குழாய் அழற்சி வேறு. இதில் பெரும்பாலும் நம் எதிர்ப்பு சக்தியே குழாயின் சுவரைத் தாக்குகிறது, சுவர் வீங்கி வழி குறுகுகிறது, அந்தக் குழாயை நம்பியிருக்கும் தோலோ சிறுநீரகமோ கண்ணோ இரத்தம் கிடைக்காமல் கெடுகிறது. தமனி அடைபட்ட காலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை மாட்டினால் மிச்சமிருக்கிற ஓட்டமும் குறையும். பாதத்து நாடியை டாக்டர் தொட்டுப் பார்த்து, தேவையானால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த பிறகு வாங்குங்கள்.

அடுத்தது பீடி. இந்த அழற்சியில் பர்ஜர் நோய் என்று ஒரு வகை, பெரும்பாலும் 50 வயதுக்குள் இருக்கும் புகைபிடிக்கும் ஆண்களுக்கு வருவது. நடந்தால் பாதம் வலிக்கும், பிறகு படுத்தாலும் வலிக்கும், கடைசியில் விரல் கறுக்கும். மற்ற வகைகளில் அழற்சியைத் தணிக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு இதற்குப் பெரிதாக உதவாது. புகையிலையை அடியோடு விடுவதுதான் வைத்தியம். "குறைச்சிட்டேன், நாளைக்கு ரெண்டுதான்" என்பது இந்த நோயில் செல்லவே செல்லாது, வாயில் அடக்குகிற புகையிலையும் கூடாது. முழுசாக விட்டவர்களில் பெரும்பாலோர் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், விடாதவர்களில் பலர் விரல் விரலாக இழக்கிறார்கள். மலைமேல் குளிரில் இருப்பவர்கள் சாக்ஸ் இல்லாமல் வெளியே போகவே வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் நாம் செய்கிற தவறு இன்னும் கவலை தருவது. சளி பிடித்து விட்ட பிறகு காலிலும் பிட்டத்திலும் சிவப்பாகப் புள்ளி, கூடவே வயிற்றுவலி, மூட்டு வீக்கம். உடனே அக்கி என்று சொல்லிக் காவி பூசக் கூட்டிப்போகிறார்கள். கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள், நிறம் மறையாவிட்டால் அது தோலுக்குள் இரத்தக் கசிவு. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு, மூளைக்காய்ச்சல் எல்லாம் பார்க்க வேண்டியிருப்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குழாய்ச் சுவரில் படிந்து வரும் ஐஜிஏ வகை அழற்சி என்றால் சில வாரத்தில் புள்ளிகள் மறைந்துவிடும், அதோடு எல்லாரும் மறந்தும்விடுகிறார்கள். சிறுநீரகம் தாமதமாகத்தான் காட்டிக்கொடுக்கும் என்பதால் 6 மாதம் வரை யூரின் டெஸ்ட்டும் பிபியும் பார்த்தே ஆக வேண்டும்.

5 நாளாக விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, சிவந்த நாக்கு, வீங்கிய கைகால். இது சின்னக் குழந்தைக்கு வந்தால் இந்த அழற்சியில் ஒரு வகையான கவாசாகி நோயா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து ஏற்ற வேண்டும். சிகிச்சையே இல்லாமல் விட்டால் சுமார் 4 குழந்தைகளில் ஒன்றுக்கு இதயத்தின் இரத்தக்குழாய் பலூன் போல வீங்கிவிடும்.

பெரியவர்களுக்கு நோய் தப்பிப்போவது வேறு விதத்தில். மூக்கில் இரத்தமும் பொருக்கும் என்று ஒரு டாக்டர், காது அடைப்புக்கு இன்னொருவர், இருமலில் இரத்தம் என்று டிபி மாத்திரை, கால் மரத்துப்போனதற்குச் சுகர் என்று ஒரு முடிவு. நாலு ஃபைலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆளில்லை. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் சின்னக் குழாய்களைத் தாக்கும் ஜிபிஏ (GPA) போன்ற வகைகள் இப்படித்தான் ஒளிகின்றன. சாதாரண யூரின் டெஸ்ட்டில் புரதமும் சிவப்பணுவும் தெரிந்தாலே சந்தேகம் வரவேண்டும், அந்த மலிவான டெஸ்ட்டைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். இந்த வகைகளைத் தேட எடுக்கும் ஆங்கா (ANCA) என்ற இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்புவதும் தவறு. டிபி போன்ற தொற்றிலும் அது பாசிட்டிவ் வரும், நோய் இருந்தும் நெகட்டிவ் வரும், பல சமயம் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் உறுதி சொல்லும். இளம் பெண்ணுக்குக் கை நாடி சரியாகக் கிடைக்கவில்லை, ஒரு கையில் பிபி மிகக் குறைவு என்றால் "மெஷின் சரியில்லை" என்று விடாதீர்கள், பெரிய தமனிகளைத் தாக்கும் டகாயாசு அப்படித்தான் தெரியவரும். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்றால் தலையில் உள்ள தமனிகளில் அழற்சியாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். பயாப்சிக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போட்டால் கண் போய்விடலாம்.

அப்புறம் ஸ்டீராய்டு பயம். முகம் உப்புகிறது, சுகர் ஏறுகிறது, உண்மைதான். அதற்காக மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஹார்மோனைச் சுரக்க முடியாமல் பிபி இறங்கி உயிருக்கே ஆபத்தாகும், நோயும் திரும்பும். இதற்கு நேர்மாறாக, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களும் உண்டு. எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைட், ரிடக்சிமாப் தொடங்கும் முன் மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி), டிபி இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள், சைக்ளோபாஸ்பமைட் கருத்தரிக்கும் திறனைப் பாதிக்கும். இந்த மருந்துகளில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மலைமேலேயே காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் பரவாயில்லை, மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிடுங்கள்.