ஆயுத உதவியும் நாடாளுமன்றக் கண்காணிப்பும்: கட்டுரை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் கட்டுரைகளை ஞாயிறுதோறும் திருத்துகிறேன். அதற்கு முன்னால் உள்ளாட்சித் தணிக்கையில் வேலை பார்த்தவன். உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து, வெளிநாட்டுப் போர்களுக்குத் தரும் ராணுவ உதவியை நாடாளுமன்றங்கள் எப்படிக் கண்காணிக்கின்றன என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் எழுதிய அதே தவறுகள்தான் பெரும்பாலும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு சபைகளான செனட்டையும் பிரதிநிதிகள் சபையையும் குழப்புவது, ஆண்டை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை சொன்னால் திருந்திவிடும்.

அறிவித்த தொகையைக் கொடுத்த தொகையாக எழுதுவது

போன மாதம் ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு மாணவி தன் கட்டுரையை வாசித்தாள். 2024 ஏப்ரலில் அமெரிக்கா உக்ரைனுக்கு சுமார் 6,100 கோடி டாலர் 'வழங்கியது' என்பது முதல் வரி. அதை ரூபாயாக்கி, உக்ரைன் மக்கள்தொகையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று கோடு போட்டு ஒரு அட்டவணையும் வைத்திருந்தாள்.

"ஏம்மா, இந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

"கீவுக்குத்தான் சார்."

அறையில் இருந்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். எரிச்சல் அவள்மேல் இல்லை. அவள் படித்த செய்திகள் அப்படித்தான் எழுதியிருந்தன.

அந்தத் தொகையை ஒதுக்கிய சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். சுமார் 2,320 கோடி டாலர், உக்ரைனுக்கு அனுப்பிய ஆயுதங்களுக்கு ஈடாக அமெரிக்கா தன் சொந்தக் கிடங்கை நிரப்பிக்கொள்ள. சுமார் 1,380 கோடி, உக்ரைனுக்காக ஆயுதத் தொழிற்சாலைகளிடம் புதிதாக வாங்க. ஒப்பந்தம் போட்டு, தயாரித்து, போய்ச் சேர மாதக்கணக்கிலும் சிலவற்றுக்கு வருடக்கணக்கிலும் ஆகும். சுமார் 1,130 கோடி, அந்த வட்டாரத்தில் இருக்கும் அமெரிக்கப் படைகளின் செலவுக்கு. கீவில் இருக்கும் உக்ரைன் அரசின் கையில் ரொக்கமாக விழுவது இவற்றில் எதுவும் இல்லை.

மாநகராட்சி மன்றத்தில் ஒரு சாக்கடைக்குத் தீர்மானம் போட்ட அன்றே வேலை முடிந்ததாக எந்தத் தணிக்கையாளரும் எழுத மாட்டார். நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு, எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) அளவு, அப்புறம்தான் பில். ஆயுத உதவிக்கும் இப்படிப் படிகள் உண்டு. நீங்கள் எழுதும் எண் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணை எழுதவே வேண்டாம்.

கணக்குப் பிழையோடு இது முடிந்தால் இவ்வளவு நேரம் பேச மாட்டேன். கண்காணிப்பின் உயிர்நாடியே இந்தத் தொகையில்தான் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 506ஆம் பிரிவு, அவசர நேரத்தில் ராணுவக் கிடங்கிலிருந்தே ஆயுதத்தை எடுத்து வேறு நாட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தை அதிபருக்குத் தருகிறது. ஒவ்வொரு முறையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஓட்டு வாங்க வேண்டியதில்லை, தகவல் கொடுத்தால் போதும். கடிவாளம் ஒன்றே ஒன்று: ஆண்டு உச்சவரம்பு. வழக்கமாக 10 கோடி டாலர். உக்ரைனுக்காக 2022 நிதியாண்டில் அதை 1,100 கோடியாகவும் அடுத்த ஆண்டில் 1,450 கோடியாகவும் காங்கிரஸ் உயர்த்தியது.

சரி, உச்சவரம்பு எப்போது நிரம்பும்? அனுப்பிய ஆயுதத்துக்குப் போடும் மதிப்பை வைத்துத்தான். 2023 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகன் ஒரு விஷயத்தைச் சொன்னது. இருப்பில் இருந்த பழைய ஆயுதங்களுக்கு, தேய்மானம் போக மிச்சமுள்ள மதிப்பைப் போடாமல், புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதைப் போட்டுவிட்டார்களாம். திருத்திப் பார்த்தால் இரண்டு நிதியாண்டுகளில் மொத்தம் 620 கோடி டாலர் கூடுதலாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த 620 கோடி மீண்டும் உச்சவரம்புக்குள் வந்து சேர்ந்தது. புது மசோதா இல்லை, விவாதம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. இன்னும் அவ்வளவு மதிப்புக்கு ஆயுதம் அனுப்ப இடம் பிறந்துவிட்டது.

மதிப்பு போடும் முறையே கடிவாளத்தின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. 'வழங்கியது' என்று ஒரே சொல்லில் முடித்தவருக்கு இந்த இடம் கண்ணிலேயே படாது. அவர் காங்கிரஸின் ஓட்டு எண்ணிக்கையை எழுதிவிட்டுக் கண்காணிப்பைப் பற்றி எழுதியதாக நினைத்துக்கொள்வார். ஆகவே தொகை எழுதும்போதெல்லாம் கேளுங்கள்: எந்தச் சட்டப் பிரிவு, எந்த விலைக் கணக்கு, இன்றைக்கு எந்தப் படி?

விற்பனையையும் உதவியையும் ஒரே மூட்டையில் கட்டுவது

வாங்குகிற நாட்டின் காசா, கொடுக்கிற நாட்டின் காசா என்று எழுதுங்கள். போதும்.

காங்கிரஸ் எதிர்த்தால் விற்பனை நின்றுவிடும் என்று நம்புவது

1976ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பெரிய விற்பனைகளை 30 நாள் முன்னதாக காங்கிரஸுக்கு அறிவிக்க வேண்டும். நேட்டோ நாடுகளுக்கும் இன்னும் சில நெருங்கிய நாடுகளுக்கும் 15 நாள். முதலில் இரண்டு சபைகளும் தீர்மானம் போட்டாலே விற்பனையைத் தடுத்துவிடலாம் என்று இருந்தது. 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சாதா (Chadha) என்பவரின் குடியேற்றம் தொடர்பான வழக்கில், அதிபரின் கையெழுத்துக்குப் போகாத அத்தகைய தடைகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. இப்போது தடைத் தீர்மானமும் அதிபரிடம் போயாக வேண்டும். விற்க விரும்புகிறவரே அவர்தான். அவர் நிராகரித்தால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

1986இல் சவுதிக்கு ஏவுகணை விற்பதைத் தடுக்கும் தீர்மானத்தை அதிபர் நிராகரித்தபோது, அதை மீற செனட்டில் ஒரே ஓட்டு குறைந்தது. 2019இல் டிரம்ப் நிர்வாகம் 'அவசரநிலை' என்று சொல்லி, காத்திருக்கும் காலத்தைத் தாண்டி 810 கோடி டாலர் விற்பனைகளை நகர்த்தியது. மூன்று தடைத் தீர்மானங்கள் இரு சபைகளிலும் நிறைவேறின. மூன்றையும் அதிபர் நிராகரித்தார், செனட்டால் மீற முடியவில்லை. இந்த வழியில் நின்றுபோன விற்பனை இதுவரை ஒன்றுகூட இல்லை.

அதற்காக காங்கிரஸுக்குப் பல்லே இல்லை என்று எழுதுவதும் தப்பு. முறையான அறிவிப்புக்கு முன்பே வெளியுறவுக் குழுத் தலைவர்கள் 'பொறுங்கள்' என்று நிறுத்தி வைப்பார்கள். சட்டத்தில் இல்லாத வழக்கம் அது, ஆனால் வேலை செய்யும். துருக்கிக்கான எஃப்-16 விமானங்கள் அப்படித்தான் தேங்கி நின்றன. ஸ்வீடன் நேட்டோவில் சேர துருக்கி ஒப்புதல் தந்த பிறகு, 2024 ஜனவரியில்தான் நகர்ந்தன.

அதிபரின் சான்றிதழைச் சோதனை என்று நினைப்பது

அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் 1985இல் சேர்த்த பிரெஸ்லர் திருத்தப்படி, பாகிஸ்தானிடம் அணு வெடிகுண்டு இல்லை என்று அதிபர் வருடந்தோறும் சான்று தந்தால்தான் உதவி. ஆப்கன் போர் நடந்தவரை சான்று வந்துகொண்டே இருந்தது. சோவியத் படை வெளியேறிய பிறகு, 1990இல் வரவில்லை. சட்டத்தில் அதற்குள் ஒரு எழுத்துகூட மாறவில்லை. யாருக்கு என்ன தேவை இருந்தது என்பதை எழுதாமல் சட்டத்தை மட்டும் எழுதுகிறவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பது இங்கேதான்.

'சரிபார்க்கவில்லை' என்பதை 'காணாமல் போனது' என்று எழுதுவது

பென்டகனின் தலைமை ஆய்வாளர் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை: உக்ரைனுக்குப் போன, தனிக் கண்காணிப்பு தேவைப்படும் சுமார் 169 கோடி டாலர் ஆயுதங்களில் 100 கோடிக்கும் மேற்பட்டவற்றின் இருப்புச் சரிபார்ப்பு உரிய காலத்தில் நடக்கவில்லை. கள்ளச்சந்தைக்குப் போனதா என்று பார்ப்பது அந்த ஆய்வின் வேலையே இல்லை. தணிக்கைக் குறிப்பு வேறு, திருட்டுப் புகார் வேறு.

'அமெரிக்கா சொன்னது'

யார்? பதவியாவது எழுதுங்கள்.

வாஷிங்டன் நடைமுறையை டெல்லிக்கு ஒட்டவைப்பது

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதிப்படை உடனே போய் இறங்கியது, 1990 மார்ச் வரை இருந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. இலங்கைத் தமிழர்கள் இழந்தது அதைவிடப் பெரிது. படை அனுப்பவோ ஒப்பந்தம் போடவோ நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று நம் அரசமைப்பு சொல்லவில்லை. அமெரிக்காவில் இருப்பதைப் போல 30 நாள் அறிவிப்பும் இங்கே இல்லை. இருப்பவை கேள்வி நேரம், மானியக் கோரிக்கை மீதான ஓட்டு, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 1993இல் வந்த துறைசார் நிலைக்குழுக்கள். அந்தக் குழுக்களின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவைப் பற்றிய பத்தியை வெளியுறவு, பாதுகாப்பு இரண்டின் நிலைக்குழு அறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள். மக்களவை இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.