சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் குழு ஆகிவிடாது

மாணவர்களை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஆறு பேரானால் இருவராவது வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நண்பர்களே ஒன்றுகூடிவிடாமல், வெவ்வேறு தேர்ச்சி நிலையில் உள்ளவர்களை ஆசிரியரே கலந்து அமர்த்துவது நல்லது.

குழு பயன்படுவதும் வீணாவதும் கொடுக்கும் பணியைப் பொறுத்தது. ஒருவரே முடித்துவிடக்கூடிய பணியென்றால், கெட்டிக்கார மாணவர் எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் அறிமுகப்படுத்திய ஜிக்சா முறையில், பாடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொருவரிடம் இருப்பதால், பிறர் சொல்வதைக் கேட்காமல் எவராலும் பாடத்தை முழுமையாக அறிய முடியாது.

அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டி ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதிய மாணவியிடம், “கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி?” என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கும் ஒரு கேள்வி, கரும்பலகையில் மூன்று முறை போட்டுக் காட்டுவதைவிட நன்றாகப் பதியும். ஆகவே, விடையைச் சொல்லிவிடாமல் கேள்வி கேட்டு உதவும் முறையை முதலில் நீங்களே செய்து காட்டுங்கள்.

சத்தம் இருக்கத்தான் செய்யும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தாலும் பதற வேண்டாம். முடிவில், குழுவில் எவரை வேண்டுமானாலும் எழுப்பி விளக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைத் தனித்தனியாகவே கொடுங்கள்.