உப்புக் காற்றும் மணல் தரையும்: கடலூரில் வீட்டுத் தோட்டம் போடும் முறை

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஆடிப் பெருக்கன்று கத்தரியும் மிளகாயும் நாற்றுவிடுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். விதை நன்றாகவே முளைக்கும். முப்பது, முப்பத்தைந்து நாளில் நாற்றைப் பிடுங்கி நட்டு, செடி கிளைத்துப் பூவெடுக்கிற நேரத்தில் ஐப்பசி பிறந்துவிடும்; வடகிழக்குப் பருவமழை பூவை உதிர்த்துவிட்டு வேரையும் அழுகவைக்கும். கடலை ஒட்டிய கடலூர், புதுச்சேரி வீடுகளில் காய்கறித் தோட்டத்தை மார்கழிக் கடைசியில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. அப்போது மழை மண்ணிலுள்ள உப்பைக் கீழே கழுவிவிட்டிருக்கும், கிணற்று நீர் ஆண்டிலேயே நன்றாக இருக்கும், வெயிலும் உறைக்காது.

முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கடலோர மணலுக்கு அடியில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டாரை நெடுநேரம் ஓட்டினால் மேலே உள்ள நல்ல நீர் தீர்ந்து, கீழே இருக்கும் உப்பு நீர் ஏறி வரும். தையில் வாயில் ஊற்றிப் பார்த்து நன்றாக இருந்த தண்ணீர் பங்குனியில் கரிப்பதற்கு இதுவே காரணம். ஆகவே, ஒரேயடியாக ஒரு மணி நேரம் இறைப்பதைவிட, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக இறைத்துத் தொட்டியில் சேர்த்துக்கொள்வது நல்லது. மண்ணையும் நீரையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் எதை விதைக்கலாம் என்பது தெளிவாகிவிடும். மண்ணில் அது மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸும் காரட்டும் விளைச்சலில் குறையத் தொடங்கும். வெங்காயமும் ஏறக்குறைய அப்படித்தான். தக்காளி 2.5 வரை தாங்கும், பீட்ரூட் 4 வரை தாங்கும். இலை ஓரங்கள் தீய்ந்தாற்போல் காய்ந்து வந்தால், அது நோய் என்று மருந்து தேடுவதற்கு முன் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் இது பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது பாத்தி. மூன்றடி அகலம், பத்தடி நீளம், ஓரடி உயரம் என்று மேட்டுப்பாத்தியாக அமைத்து, இரண்டு பாத்திகளுக்கு இடையில் ஓரடி வாய்க்கால் விட வேண்டும். அகலம் மூன்றடிக்கு மேல் போனால், நடுவில் உள்ள களையைப் பறிக்கப் பாத்திக்குள் கால் வைக்க நேரும். மணல் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்காது என்பதால், ஏரி வண்டலோ செம்மண்ணோ நாலைந்து கூடையும், நன்கு மக்கிய தொழுவுரம் இரண்டு கூடையும் ஒவ்வொரு பாத்திக்கும் கலக்கிறேன். அடியுரமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறந்துவிடுவது களிமண் நிலத்துக்குச் சரிப்படலாம். மணலில் பாதியை முதலிலும் மீதியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறு சிறு அளவிலும் கொடுப்பதே பயன்படும். நட்டு முடித்ததும் காய்ந்த தென்னோலை, வைக்கோல், சருகு எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு மூடாக்குப் போட வேண்டும். வெற்று மண்ணில் ஈரம் ஆவியாகும்போது உப்பையும் மேலே இழுத்துவந்து விட்டுவிடும். மூடாக்கு அதைத் தடுக்கிறது.

தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மையும்தான். ஆனால் அதிலேயே உப்பு உண்டு. முதல் ஆண்டில் நான் கட்டியாக வாங்கி வந்த நார்க்கழிவை ஊறவைத்து, அலசாமல் அப்படியே மாடித் தொட்டிகளில் நிரப்பினேன். தக்காளி நாற்று பத்து நாளில் கருகியது. மறுமுறை மூன்று தடவை அலசினேன், பலன் இல்லை, ஏனென்றால் அலசியது போர் தண்ணீரில். மழைநீரிலோ குடிநீரிலோ அலசிப் பிழிந்தால் மட்டுமே அது உதவும்.

தை பிறந்ததும் விதைப்பு. கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் மார்கழிக் கடைசியில் நாற்றுவிட்டு, தக்காளியை இருபத்தைந்து நாளிலும் மற்ற இரண்டை முப்பத்தைந்து நாளுக்குள்ளும் எடுத்து நடலாம். நடவை மாலையில் வைத்துக்கொள்வது நாற்றுக்கு நல்லது. கத்தரிக்கு இரண்டடி இடைவெளி வேண்டும். பண்ருட்டிப் பக்கத்தில் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையமே இருக்கும்போது கத்தரி விதைக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. பாலூர்-1 என்ற ரகம் அங்கிருந்து வந்ததுதான். வெண்டை விதையை இரவு முழுதும் ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசையில் ஓரடிக்கு இரண்டு விதையாக ஊன்றி, முளைத்தபின் ஒன்றைக் களைந்துவிட வேண்டும். நாற்பத்தைந்து நாளில் காய் பறிக்கலாம். கீரை விதையை நான்கு பங்கு மணலோடு கலந்து தூவுவது எல்லோரும் அறிந்தது. எறும்பு விதையை இழுத்துப்போகாமல் இருக்கப் பாத்தி ஓரத்தில் ஒரு பிடி ரவையைத் தூவிவிட்டால், அது ரவையைச் சுமக்கப் போய்விடும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்கிறவை; பிஞ்சு பிடிக்காமல் வெம்பி விழுந்தால், இருட்டுவதற்கு முன் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடலாம். பூசணிக்கு இதையே விடியற்காலையில் செய்ய வேண்டும்.

உரத்தில் எனக்கு மிகவும் கைகொடுத்தது மீன் அமிலம். முதுநகர் மீன் கடையில் குடலும் செதிலும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ நாட்டு வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்து, ஒரு சொட்டு நீரும் விடாமல் பிளாஸ்டிக் வாளியில் மூடி, நாய் பூனை அண்டாத நிழலில் மூன்று வாரம் வைக்க வேண்டும். திறந்து பார்க்கும்போது நாற்றம் அடங்கி, தேன் போன்ற திரவம் தெளிந்து நின்றால் பக்குவம் சரி. வடிகட்டி எடுத்து, லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. கலந்து மாலையில் தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவையோ உப்பிட்ட மீனையோ மட்டும் ஒருபோதும் இதில் போடக் கூடாது. நாமே உப்பை விலைக்கு வாங்கி ஊற்றியதுபோல் ஆகும். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்: 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசலுடன் தெளிக்க வேண்டும்.

சித்திரையில் காய்ப்பு முடிந்ததும் பாத்தியைக் காயவிடாமல் தக்கைப்பூண்டு விதைக்கலாம். அது உப்பைத் தாங்கி வளரும், நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணில் புதைத்தால் தழையுரமாகும். ஆடியில் விதைப்பதானால், மழைக்குள் முடிந்துவிடும் வெண்டை, கொத்தவரை, காராமணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பந்தல் அவரை மட்டும் விலக்கு. பகல் குறுகும் காலத்தில் பூக்கும் நாட்டு அவரையை ஆடியில் ஊன்றி மழையில் காப்பாற்றிவிட்டால், மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

பழ மரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றை நினைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்கள், இரண்டு சென்ட் வாசலில் பலாக்கன்று நடத் துணிவதில்லை. உப்பைத் தாங்கும் சப்போட்டா இங்கே நன்றாக வரும். கொய்யாவைக் கவாத்து செய்து ஆளுயரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வாழைக்குக் குறுகிய இலையுள்ள ஈட்டிக் கன்றையே தேர்ந்து, சமையலறையில் அரிசி, காய் கழுவிய தண்ணீர் வந்துசேரும் இடத்தில் நட வேண்டும். பப்பாளிக்குத் தேங்கும் நீர் எமன். ஓரிரு நாள் அடியில் நீர் நின்றாலே தண்டு அழுகிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறி, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது, என் வீட்டில் காய்த்துக் குலுங்கிய மூன்று பப்பாளிகளில் மேட்டில் நின்ற ஒன்றுதான் மிஞ்சியது.

அதனால் புரட்டாசி முடிவதற்குள் வாய்க்கால்களைத் தூர்வாரி, தெருப் பக்கம் வடியும்படி வாட்டம் கொடுத்து, மரங்களின் அடியில் ஒன்றரை அடிக்கு மண் அணைத்துவிட வேண்டும். முருங்கைக் கிளைகளை அப்போதே வெட்டிவிடலாம். மழை விட்டதும் நீரை வடித்துவிட்டு, மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை பாத்தியில் மண்வெட்டி வைக்கக் கூடாது. அந்த இடைவெளியில் மார்கழி நாற்றுக்கான விதையை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.