எவர்சில்வர் போதாது: எரிபொருள் மின்கலத் தகடுகளில் நேரும் தவறுகள்

ஹைட்ரஜனையும் காற்றையும் கொண்டு மின்சாரம் தரும் திட ஆக்சைடு எரிபொருள் மின்கலத்தில், ஓடும்போது ஒரு பீங்கான் செல் ஒரு வோல்ட்கூடத் தராது. அதனால் பல செல்களை அடுக்கி, இடையிடையே உலோகத் தகடு வைக்கிறார்கள். இதுதான் இன்டர்கனெக்ட். ஒரு முகத்தில் ஹைட்ரஜன், மறு முகத்தில் காற்று, சூடோ 650 முதல் 850 டிகிரி செல்சியஸ். மின்சாரமும் இதற்குள் புகுந்துதான் போக வேண்டும். இந்தச் சூட்டில் எந்த எஃகின் மேலும் ஆக்சைடுத் தோல் வளரும். அது எந்தத் தோல் என்று கேட்காமல் எஃகை வாங்குவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

நம் சமையலறை எவர்சில்வரில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டாத ரகம். அந்த வகையான 304 எஃகு சூட்டில் செல்லைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். சூடாகி ஆறும்போது பீங்கான் செல் விரிசல் விடும். வேண்டியது காந்தத்தில் ஒட்டும் ஃபெரிட்டிக் எஃகு, சுமார் 22 சதவீதம் குரோமியத்தோடு. க்ரோஃபர் 22 ஏபியு என்ற எஃகு ரகம் இதற்கென்றே உருவானது. 430 என்ற ரகமும் ஃபெரிட்டிக்தானே, விலையும் குறைவு என்று அதை எடுப்பவர்கள் சிலிக்கானை மறக்கிறார்கள்: குரோமியம் ஆக்சைடுத் தோலுக்கு அடியில் சிலிக்கா படர்ந்து மின்சாரத்தை மறிக்கும். அலுமினியம் கலந்த எஃகு சூடு தாங்குவதில் கெட்டி, ஆனால் அதன் அலுமினாத் தோல் மின்காப்பு. குழாய்க்குப் போடலாம், தகட்டுக்கு ஆகாது.

சரியான எஃகையே எடுத்தாலும் குரோமியம் ஆவியாகிப் போகும். ஈரக்காற்று பட்டால் குரோமியம் ஆக்சைடு ஆக்சி-ஹைட்ராக்சைடு ஆவியாக எழுந்து, காற்று மின்முனையில் படிந்து அதை நஞ்சாக்குகிறது. மின்முனையில் ஸ்ட்ரான்சியம் இருந்தால் ஸ்ட்ரான்சியம் குரோமேட்டாகவும் மாறும். இதைத் தராசை மட்டும் நம்பி அளப்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. ஆக்சிஜன் ஏறினால் எடை கூடும், குரோமியம் பறந்தால் குறையும். நிறைய இழந்த மாதிரியும் "எடை அவ்வளவாகக் கூடவில்லை" என்று நல்ல பெயர் வாங்கிவிடும். காற்றோட்டமில்லாத உலையில் வைத்தால் இன்னும் மோசம்: ஆவி அங்கேயே தேங்கி, மேலும் ஆவியாவதைத் தடுத்துவிடும்.

சீக்கிரம் முடிவு வேண்டும் என்று சூட்டைக் கூட்டிச் சோதிப்பதும் ஏமாற்றும். சூடு ஏறும்போது தோலின் வளர்ச்சி வேகமாகப் பெருகுகிறது, ஆவியாதல் அந்த அளவுக்கு இல்லை. 900 டிகிரியில் கிடைத்த கணக்கை 700-க்கு இறக்கினால் ஆவியின் பங்கு சிறிதாகத் தெரியும். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையம் 2007-இல் தொடங்கிய ஒரு சிறு அடுக்கை 700 டிகிரியிலேயே, மின்சுமையோடு 93,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, 2019-இல்தான் நிறுத்தியது. அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காதுதான்.

குரோமியம் ஆவியாவதைத் தடுக்கத் தகட்டின் மேல் பூசும் பூச்சு என்றால் இன்று பெரும்பாலும் மாங்கனீஸ்-கோபால்ட் ஸ்பினல் என்ற கலப்பு ஆக்சைடு. குரோமியம் ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும், விரிவும் எஃகோடு ஒத்துப்போகும். பொடியைத் தெளித்துக் காற்றில் மட்டும் சுட்டால் துளை துளையாக நின்றுவிடும். முதலில் ஹைட்ரஜனில் சுட்டுக் கோபால்ட்டாகவும் மாங்கனீஸ் ஆக்சைடாகவும் பிரித்து, பிறகு காற்றில் சுட்டால் நன்றாக இறுகும். காற்று முகத்துக்கு மட்டும் போதும். எரிபொருள் முகத்தில் பூசினால் ஹைட்ரஜன் அதைச் சிதைத்துவிடும்.

"சூட்டை 600-க்கு இறக்கிவிட்டோம், இனி கவலையில்லை" என்பவர்களும் உண்டு. ஹைட்ரஜன் எஃகை ஊடுருவி மறுமுகம் வரை போகும். போனால் காற்று முகத்தில் எஃகைப் பாதுகாக்கும் தோல் சரியாக அமையாது. வியப்பு என்னவென்றால், இந்தக் கோளாறு 800-ஐவிட 600 டிகிரியில் கடுமை. இரு முகத்திலும் காற்று வைத்துச் சோதித்தபோது மெல்லிய தோலோடு நல்லபடி இருந்த அதே எஃகு, ஒரு முகத்தில் ஹைட்ரஜன் வந்ததும் மறுமுகத்தில் இரும்பு ஆக்சைடாகப் பொங்கி நிற்கும்.