குழந்தைகளோடு கொழுக்கட்டை: மேல்மாவு விரியாமல் இருக்க

மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. போன பிள்ளையார் சதுர்த்திக்குத்தான் முதன்முதலாக இருவரையும் கொழுக்கட்டை பிடிக்க உட்கார வைத்தேன். பிடித்ததெல்லாம் வாய் பிளந்து, பூரணம் இட்லித் தட்டில் வழிந்தது. மகள் அழுதுவிட்டாள். இந்த ஆண்டு ஒன்றுகூட விரியவில்லை.

1. பூரணத்தை முதல் நாள் இரவே கிளறிவிடுங்கள். தேங்காய்த் துருவல் 1 கப், வெல்லம் முக்கால் கப், ஏலக்காய். வெல்லப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அடுப்பு வேலை முழுவதும் பெரியவர்களுக்கே. நன்றாக ஆறியதும் நெல்லிக்காய் அளவு உருட்டி எண்ணி வைப்பது பிள்ளைகள் பொறுப்பு.

எங்கள் வீட்டில் நைவேத்தியத்துக்கு முன் எதையும் வாயில் வைப்பதில்லை. ஐந்து வயதுக்காரனுக்கு இது பெரிய சோதனை. அதனால் கிளறத் தொடங்கும் முன்பே கொஞ்சம் துருவலும் வெல்லமும் தனிக் கிண்ணத்தில் எடுத்து அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

2. மேல்மாவு: இடியாப்ப மாவு 1 கப், தண்ணீர் ஒன்றரை கப், உப்பு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, மாவைக் கொட்டிக் கிளறி, 5 நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் தொட்டுப் பிசையுங்கள்.

3. நான் சறுக்கிய இடம் இதுதான். ஆவணி மாதச் சென்னைப் புழுக்கத்தில் பிள்ளைகள் மின்விசிறி இல்லாமல் உட்கார மாட்டார்கள். பெரியவர்கள் அரை நிமிடத்தில் செய்யும் சொப்புக்கு, அதாவது பூரணம் வைத்து மூடும் மாவுக் கிண்ணத்துக்கு, குழந்தை மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் விளிம்பு காய்ந்து வெளிறிவிடுகிறது. உற்றுப் பார்த்தால் மயிரிழை போலக் கீறல் தெரியும். வேகும்போது அங்கேதான் பிளக்கும். இப்போது விசிறியை நிறுத்திவிட்டு, மாவை ஈரத்துணியால் மூடி, ஒரு நேரத்தில் ஓர் உருண்டை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். சொப்பு செய்யும்போது கட்டைவிரலை நடுவில் ஊன்றி, மற்ற விரல்களால் சுற்றிச் சுற்றி அழுத்தச் சொல்லுங்கள். கீறல் தெரிந்தால் நல்லெண்ணெய் தொட்டு நீவினால் மூடிக்கொள்ளும்.

கோயில் மாட வீதிக் கடைகளில் கிடைக்கும் மர அச்சு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னக் கைகளுக்குத் திறந்து மூடும் பிளாஸ்டிக் அச்சே சிறந்தது என்பேன். மகள் அச்சே வேண்டாம் என்று கையால்தான் பிடித்தாள். அவளுடைய சொப்புகள் கோணலாக இருந்தன, நான் திருத்தவில்லை. போன ஆண்டு திருத்தப் போய்த்தான் அவள் பாதியில் எழுந்து போனாள்.

4. ஆவியில் 8 முதல் 10 நிமிடம். மேலே பளபளப்பு வந்ததும் இறக்குங்கள்.

5. மிஞ்சிய மாவு முழுவதும் மகனுக்கு. சுண்டைக்காய் அளவு உருட்டித் தள்ளுவான். வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய் தூவினால் அம்மிணிக் கொழுக்கட்டை. வீட்டில் முதலில் தீர்ந்தது இதுதான்.

பிற்சேர்க்கை: ஈரத்துணி போட்டும் விரிகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். எல்லா மாவும் ஒரே அளவு தண்ணீர் இழுக்காது. பிசையும்போதே உதிர்ந்தால் வெந்நீரை ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்துப் பிசையுங்கள். அதற்காகவே அரை கப் கூடுதலாகக் கொதிக்க வைத்துக்கொள்வது நல்லது. பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.