பேஸ்மேக்கர் இடம் மாறாமல் இருக்க: கைக்கு வேண்டிய கவனம்

இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் கருவியான பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு வீடு திரும்புபவர்கள் செல்போனையும் மைக்ரோவேவ் அடுப்பையும் நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். கருவி இடம் மாறுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கவலையில் பாதியைக் கை அசைவின் மேல் வைத்தால் எவ்வளவோ நல்லது.

காறை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடது பக்கம், தோலுக்கு அடியில் இடம் செய்து கருவியை வைக்கிறார்கள். அங்கிருந்து ‘லீட்’ எனப்படும் மெல்லிய வயர் சிரை வழியாக இதயத்தின் வலது அறைகளுக்குப் போகிறது. அதன் நுனியில் சிறு திருகோ கொக்கிகளோ இருக்கும். ஆனால் நுனியைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்தால்தான் பிடிப்பு உறுதியாகும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். வயர் நழுவுவது பெரும்பாலும் அந்த ஆரம்ப வாரங்களில்தான்.

அந்த நாட்களில் முழங்கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்குவது, கனமானதைத் தூக்குவது, கையை ஊன்றி எழுவது எல்லாம் வேண்டாம். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை சொல்வார்கள். உங்கள் மருத்துவர் சொன்ன கணக்கே உங்களுக்குக் கணக்கு. உதவி செய்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படுத்திருப்பவரை அக்குளில் கைகொடுத்து வெடுக்கென்று தூக்கிவிடுவது அன்பில் செய்யும் தவறு.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பயத்தில் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே இருந்தால் தோள் இறுகிப்போகும். அப்புறம் அதற்குத் தனியாகப் பிசியோதெரபி வேண்டியிருக்கும். தோளுக்குக் கீழே கையைச் சாதாரணமாக அசைக்கலாம், அசைக்கவும் வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பழக்கம். தோலுக்கு அடியில் புடைத்திருக்கும் கருவியை விரலால் தடவுவது, நெருடுவது, மெல்லத் திருப்பிப் பார்ப்பது. ‘சரியாக இருக்கிறதா’ என்று பார்ப்பதற்காகவே தினமும் தொடுபவர்கள் உண்டு. கருவி சுழலச் சுழல, வயர் தூண்டிற்கழியின் சக்கரத்தில் நூல் சுற்றுவதுபோலச் சுருண்டு, நுனி இதயத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். 1968-இல் மருத்துவ உலகில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இதற்கு ட்விட்லர் சிண்ட்ரோம் என்று பெயர். மறதி நோய் உள்ளவர்கள், குழந்தைகள், உடல் பருமனோ தளர்ந்த திசுவோ உள்ளவர்கள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் தேவை. தூக்கத்தில் தன்னையறியாமல் திருகுபவர்களும் இருக்கிறார்கள். அதற்காக நோயாளியைத் திட்ட வேண்டாம். உள்ளே இடம் பெரிதாக இருந்தால், யாரும் தொடாமலேயே கை அசைவில் கருவி திரும்பிவிடலாம்.

நழுவிய வயர் காட்டும் அறிகுறிகள் சில சமயம் விசித்திரமாக இருக்கும். விடாத விக்கலை அஜீரணம் என்று தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் வயர், மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டிக்கொண்டிருக்கலாம். இன்னும் மேலே இழுபட்டால் மார்புத் தசையோ கையோ துடிக்கும். தலைச்சுற்றல், மயக்கம், பழைய மூச்சிரைப்பு திரும்புவது ஆகியவை ‘வயசாகிறது’ என்று ஒதுக்கக்கூடியவை அல்ல. மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆபத்தான இதயத் துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியை வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இரண்டு விதம்: வேண்டாத நேரத்தில் ஷாக் அடிக்கலாம், வேண்டிய நேரத்தில் அடிக்காமலும் போகலாம். ஒரே ஒரு ஷாக், அதன்பின் நலமாக இருக்கிறீர்கள் என்றால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். அடுத்தடுத்து அடித்தாலோ, மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தாலோ அவசர சிகிச்சைதான்.

கருவி கொஞ்சம் கீழே இறங்கியதுபோல் தெரிந்தால் கையால் மேலே தள்ளக்கூடாது, மசாஜும் கூடாது. பெட்டி இறங்கினாலும் வயர் அதே இடத்தில் இருக்கலாம்; பெட்டி அசையாமல் இருக்கும்போதே வயர் நழுவியிருக்கலாம். ஈ.சி.ஜி., கருவிப் பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவைதான் விடை சொல்லும். இப்போதைய எக்ஸ்ரேயை, கருவி பொருத்திய சமயத்தில் எடுத்த பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதால் அந்தப் பழைய படத்தையும், கருவியின் விவரங்கள் உள்ள அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நழுவியது உறுதியானால் பெரும்பாலும் மறுபடி வயரைச் சரியான இடத்தில் பதிப்பார்கள், அல்லது மாற்றுவார்கள். திருகும் பழக்கம் இருந்தால் இடத்தைச் சிறிதாக்கி, கருவியைத் தசையோடு சேர்த்துத் தைப்பதும் உண்டு. இதயத்துக்குள்ளேயே வைக்கும் வயரில்லாத கேப்சூல் பேஸ்மேக்கரில் திருகுவதற்குத் தோலடியில் பெட்டியே கிடையாது. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது, ஐ.சி.டி. தேவைப்படுபவர்களுக்கு அது மட்டும் போதாது.