உறைவிந்தில் இயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சைத் தேயிலை, மஞ்சள், முருங்கை இலை என்று ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் (ஆன்டிஆக்ஸிடன்ட்) பலவற்றின் சாற்றை, விந்தை நீர்க்கச் செய்து காக்கும் எக்ஸ்டெண்டர் கரைசலில் சேர்த்து, மாடு, எருமைகளின் சினை ஊசிக்கான உறைவிந்தின் தரத்தைக் கூட்டப் பார்க்கிறார்கள். நோக்கம் சரிதான். விந்தணுவின் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். உறையவைத்து உருக்கும்போது உண்டாகும் ஆக்சிஜன் வினைப்பொருள்கள் (எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள்) அந்தக் கொழுப்பைத்தான் முதலில் கெடுக்கும். எருமைக் கடாவின் விந்து இதில் இன்னும் பலவீனமானது.

முதல் தவறு அளவில். கொஞ்சம் சேர்த்தால் பலன் தெரிகிறது, கூட்டினால் இன்னும் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் விந்தணு கருத்தரிப்புக்குத் தயாராவதற்கே சிறிதளவு ஆக்சிஜன் வினைப்பொருள் வேண்டும். அதையும் துடைத்தெடுத்தால் நட்டம்தான். வைட்டமின் சி போன்றவை, இரும்பு அயனி இருந்தால், தாமே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டவும் செய்யும். அதனால் பல அளவுகளில் சோதித்து, பலன் குறையத் தொடங்கும் இடத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை இதைவிட மோசமானது, வீட்டுக் கஷாயம் மாதிரி சாறு எடுப்பது. இந்த முறை பறித்த இலையும் அடுத்த முறை பறித்த இலையும் ஒன்றல்ல. உள்ளிருக்கும் பாலிஃபீனால் (தாவரத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்) அளவை அளக்காமல் 'ஐந்து சதவீதச் சாறு' என்று எழுதுவதில் பொருளில்லை. சாறு சேர்த்தபின் கரைசலின் பிஹெச் (அமில-காரத் தன்மை), சவ்வூடு அழுத்தம் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். எக்ஸ்டெண்டராகப் பயன்படும் டிரிஸ் கரைசலில் பிஹெச் 6.8-ஐ ஒட்டி இருக்கும். அது நகர்ந்தால் கெடுதல் சாற்றாலா, பிஹெச்சாலா என்று தெரியாது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது. எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓ-விலோ கரைத்தால், அந்தக் கரைப்பான் மட்டும் சேர்த்த ஒரு பங்கையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். கிருமி வடிகட்டலும் கட்டாயம்.

உருக்கியபின் விந்தணுவின் அசைவை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. 50 சதவீத அசைவு என்பது நம் நாட்டில் குறைந்தபட்சத் தேவை, அவ்வளவே. சவ்வும் அக்ரோசோமும் (முட்டைக்குள் நுழைய உதவும், விந்தணுத் தலையின் மூடி) முழுசாக இருக்கின்றனவா, கடைசியில் மாடு சினை பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம், மோசமான விந்தை எந்தச் சாறும் காப்பாற்றாது. இறந்த காளை விந்தணுக்களே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, உயிருள்ளவற்றையும் கெடுக்கின்றன. கேனிஸ்டரை (விந்துக் குச்சிகள் இருக்கும் குவளை) திரவ நைட்ரஜன் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு குச்சி தேடினாலும், 37 டிகிரி நீரில் 30 விநாடி உருக்குவதற்குப் பதில் உள்ளங்கையில் தேய்த்தாலும் அதே கதிதான். களத்தில் சினை ஊசி போடுபவர்கள் குச்சியில் தாங்களாக எதையும் கலக்கவே கூடாது.